வாழைக்காய் மண்டியில் ஒரு ராஜினாமா

ராஜினாமாக் கடிதம் கொடுத்த மாத்திரத்தில் ஒருவர் பணியிலிருந்து விலகியவர் ஆகிவிட மாட்டார். அதை ஏற்கத் தகுதியுள்ள அலுவலர் ஏற்க வேண்டும். ஏற்ற விவரம், கடிதம் கொடுத்தவருக்கு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். அதுவரை அவர் பணியில்தான் இருக்கிறார். அதுவரை தன் கடிதத்தைத் திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு.

முப்பத்து நான்கு வருடம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் இருந்தவன் சொல்கிறேன்: அரசாங்கத்தில் இவ்வளவு தெளிவான விதிகள் குறைவு. ஆனால் பாளையங்கோட்டையில் ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழுவில் இருந்த நான்கு பேரில் மூன்று பேருக்கு இது தெரியாது. நான்காவது ஆள் நான்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், தபால் நிலையக் கவுண்ட்டருக்கு முன் நின்றுகொண்டிருந்தேன். கையில் உறை, உறைக்குப் பின்னால் பசை காயாத ஒப்புகை அட்டை. கவுண்ட்டரில் இருந்தவர் எனக்குப் பழக்கம். விலாசத்தைப் படித்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது உங்க வீட்டுக்கு நாலு தெரு தள்ளியில்லா இருக்கு? நடந்து போயி கையில குடுத்தா மூணு நிமிசம்.”

“கையில குடுத்தா ஒப்புகை அட்டை வராதே.”

“இந்த அட்டைக்காவா இவ்வளவு பாடு?”

“பின்னே எதுக்கு?”

அவர் முத்திரை குத்தினார். நல்ல குத்து இல்லை. மணிக்கட்டில் வலு போதாது. முத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலமாரிக்கு மேலே

ஓய்வு பெற்ற பதிவுத்துறைக்காரன் வீட்டுக்கு மனு எழுத ஆள் வருவது இந்த ஊரில் வழக்கம். வாரிசுச் சான்றிதழ், பட்டா மாறுதல், சங்கப் பதிவு எல்லாம் வரும். என் மனைவி கிரேஸ் இதற்காகவே முன்னறையில் ஒரு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறாள். இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பு அந்தப் பெஞ்சைப் பற்றி நான் எழுதியதில் அவளுக்கு இன்னும் வருத்தம்.

ஒரு நாள் அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுடலைமுத்து, திசையன்விளைப் பக்கத்துப் பையன், இங்கே பேட்டரிக் கடை வைத்திருக்கிறான், குழுவில் டிரம்ஸ். ரியாஸ், மேலப்பாளையத்தில் செல்போன் பழுது பார்ப்பவன், பேஸ் கிதார். பியூலா, ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர், பாட்டு.

வந்த காரணம் சுவையானது. குழுவுக்கு மூன்று முறை பெயர் மாறிவிட்டது. ஒரு பெயரில் ஒலிபெருக்கி அனுமதிக்கு எழுதுவார்கள். அனுமதி வருவதற்குள் வேறு பெயர் வைத்துவிடுவார்கள். போன முறை மைதானத்துக்கு வந்த ஏட்டையா, தாளையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “நீங்க யாருலே?” என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்ல இவர்களிடம் ஆவணம் இல்லை. சங்கமாகப் பதிந்துகொள்ளலாம் என்று வந்திருந்தார்கள்.

துணை விதிகள் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு, பெயர் மாற்றத்துக்கு எல்லா உறுப்பினர்களின் ஒப்புதல், எல்லாம் முறையாக. தலைவர் என்ற இடம் மட்டும் காலியாகவே இருந்தது. மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டினார்கள்.

அப்போது பியூலா அலமாரிக்கு மேலே பார்த்தாள்.

“சார், அது கிதார் பெட்டியா?”

“ஆமா. அசனப் பண்டிகைக்குக் கோயில்ல வாசிக்கது.” கோயில் என்றால் எங்களுக்குச் சர்ச்; அசனம் அங்கே எல்லோரும் கூடிச் சாப்பிடும் விருந்து.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுடைய கிதார்காரன் ஓசூருக்கு வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அவனுடைய கறுப்பு எலெக்ட்ரிக் கிதார் மட்டும் இங்கே கிடந்தது.

“ஒரு ரெண்டு வாரத்துக்கு வாறியளா சார்? ஆள் கிடைக்குத வரைக்கும்தான்,” என்றான் சுடலைமுத்து.

தற்காலிகப் பணியிடம். ஏற்றுக்கொண்டேன். அந்தக் கறுப்புக் கிதாரும் என் பொறுப்புக்கு வந்தது.

முத்திரைக் கை

ஒத்திகை, சுடலைமுத்துவின் மாமாவுக்குச் சொந்தமான வாழைக்காய் மண்டியில் நடக்கும். காலையில் ஏலம் முடிந்து லாரிகள் போனபின், மூன்று மணிக்கு மேல் அது எங்களுக்கு. கூரையிலிருந்து தார்கள் தொங்கும். நிறையத் தார் இருக்கும் நாளில் சத்தம் எதிரொலிக்காமல் அடங்கி நிற்கும். சரக்கு விற்றுத் தீர்ந்த நாளில் அதே பாட்டு தகர டப்பாவுக்குள் உருட்டிய கல் மாதிரி இருக்கும். ஆகவே நாங்கள் நன்றாக வாசித்தோமா என்பதை நாட்டு வாழைக்காயின் விலைதான் தீர்மானித்தது.

பியூலா பாடியதை முதலில் கேட்டபோது ஒலிபெருக்கி பழுது என்று நினைத்து ரியாஸைப் பார்த்தேன். அவன் அசையவில்லை. பாட்டே அப்படித்தான். கணக்கு டீச்சரின் தொண்டைக்குள் யாரோ ஜல்லி அரைத்தார்கள். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு, “ஸாரி சார், இன்னைக்கு வகுப்புல கத்திட்டேன், குரல் சரியில்ல,” என்றாள்.

கோயிலில் நான் வாசிப்பது மூன்று நான்கு ஸ்வரக் கோர்வைகள், பைய. இங்கே வேண்டியது வேறு. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் அழுத்திக்கொண்டு, மேலிருந்து கீழாக மட்டும் அடிக்க வேண்டும். தந்தி கணகணக்கக் கூடாது. மூச்சு விடாமல் ‘டுக், டுக்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். எல்லா அடியும் ஒரே கனத்தில். இளவட்டங்களுக்கே மூன்று நிமிடத்தில் கை பிடித்துக்கொள்ளுமாம்.

எனக்குப் பிடித்துக்கொள்ளவில்லை. கணினி வருவதற்கு முன், முகூர்த்த நாளில் வந்து குவியும் பத்திரங்களின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தியவன் நான். மையில் ஒன்று, தாளில் ஒன்று. மையில் லேசாக, தாளில் அழுத்தமாக. முதல் பக்கத்தில் விழுந்த கனத்தில்தான் கடைசிப் பக்கத்திலும் விழ வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டில் எவனாவது, முத்திரை தெளிவாக இல்லை என்பான்.

ஒரு மத்தியானம் மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தபோது அந்தக் கணக்கிலேயே தந்தியை அடித்தேன். லேசு, அழுத்தம், லேசு, அழுத்தம். பதினாறு அடி. பதினாறாவது, பத்திரத்தின் கடைசிப் பக்கம். அதை மட்டும் கையை எடுத்துவிட்டு முழங்கவிட்டேன்.

வாசலில் டீ கிளாசோடு சுடலைமுத்து நின்றான்.

“சார், இப்பம் என்ன செஞ்சிய?”

“பத்திரம் பதிஞ்சேன்.”

“இன்னொருக்கப் பதியுங்க.”

அந்தப் பதினாறு அடியை முன்னால் வைத்துத்தான் ‘மதகு’ என்ற பாட்டு உண்டாயிற்று. அணைக்கட்டில் மதகு திறக்கும்போது முதலில் இரும்பு இறுகிக் கிறீச்சிடும், அப்புறம் தண்ணீர். முதல் பாதி நான், தண்ணீர் பியூலா. அறுபத்து மூன்று வருடத்தில் நானாக உண்டாக்கிய சங்கீதம் அந்தப் பதினாறு அடி மட்டும்தான். அதை ஒரு மேடையில் நானே வாசிக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஒரு பிற்பகலின் கதை

இடையில் ஒரு பழைய சங்கதி. இதை மண்டியிலும் சொன்னேன், பழுத்த தாரிலிருந்து பிய்த்த பழத்தைத் தின்றுகொண்டே.

இளநிலை உதவியாளராக இருந்து சார்பதிவாளர் ஆன பிறகு, எனக்கு ஒரு மாறுதல் வந்தது. விடுவிப்பு ஆணையில் ‘பிற்பகல்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘முற்பகல்’ என்று தட்டச்சு ஆகிவிட்டது. முற்பகலில் விடுவிக்கப்பட்டவனுக்கு அந்த நாள் கிடையாது. பிற்பகல் என்றால் அந்த நாள் அவனுடையது. திருத்தக் கேட்டு எழுதினேன். நினைவூட்டு எழுதினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதினேன். இரண்டு வருடம்.

“ஒரு மத்தியானத்துக்கா சார் ரெண்டு வருசம்?” என்றாள் பியூலா.

“அந்த மத்தியானம் நான் பதினோரு பத்திரம் பதிஞ்சிருக்கேன். நான் அங்க இல்லன்னா, அதையெல்லாம் பதிஞ்சது யாரு?”

ரியாஸ் சிரித்தான். பியூலா சிரிக்கவில்லை. கணக்கு டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமைத் தீர்மானம்

இரண்டு வாரம் நான்கு மாதம் ஆனது. சுடலைமுத்துவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்காக அவன் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேசம் கட்டுவதாக நேர்ந்திருந்தான். அவனுடைய ஊரில் சேர்ந்து வேசம் கட்டிப் போகும் தசரா செட்டுக்காரர்கள், எங்கள் குழுவையே கூட்டிக்கொண்டு வந்து அங்கே வாசிக்கச் சொன்னார்கள். நாளும் குறித்தாயிற்று. எனக்குக் கிடைக்கப்போகும் மேடை அதுதான்.

அப்புறம், ஏலம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ஆராதனையில் இருந்தபோது, மண்டியில் கூடிப் பேசி மூன்று முடிவுகள் எடுத்துவிட்டார்கள். குழுவின் பெயர் மறுபடி மாறியது. உடன்குடியிலிருந்து கண்ணன் என்று ஒரு கிதார்காரன் வருகிறான். அவன் வேகக்காரன் என்பதால் ‘மதகு’ தொடக்கம் அவனுக்கு. நான் பின்னாலிருந்து ஒத்து வாசிக்கலாம்.

கோயில் விட்டு வந்து கைப்பேசியைத் திறந்தபோது வாட்ஸாப்பில் இந்த மூன்றும் இருந்தன. கடைசியில் கட்டைவிரல் படம்.

ஏழு நாள் முன்னறிவிப்பு எங்கே? ஒரு உறுப்பினர் நிச்சயமாகக் கோயிலில் இருக்கும் நேரத்தில் கூட்டம் போடுவது எந்த ஊர் முறை? ராஜினாமா எழுதினேன். மூன்று பத்தி, நான்கு ஆட்சேபணைகள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் அலுவலகங்களில் ராஜினாமா என்பது விலகுவதற்கான கடிதம் அல்ல. எழுதினால் மேலதிகாரி கூப்பிடுவார். உட்காரச் சொல்வார். காபி வரும். “என்ன இப்படிப் பண்ணிட்டீர்?” என்பார். குறை தீரும், கடிதம் கிழியும். என் காலத்தில் நான் பார்த்த ராஜினாமாக்கள் எல்லாம் அப்படித்தான் முடிந்தன.

தலைவர் இல்லாத சங்கத்தில் யாருக்கு எழுதுவது? டிரம்ஸ் யாருடையதோ அவனே தகுதியுள்ள அலுவலர் என்று முடிவு செய்து, சுடலைமுத்துவுக்கு அனுப்பினேன். காபிக்குக் காத்திருந்தேன்.

பணியில் தொடர்கிறேன்

நான்காம் நாள் ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் பேச்சியம்மாள் என்று நடுங்கிய கையெழுத்து. சுடலைமுத்துவின் அம்மா. கடிதம் சார்வு செய்யப்பட்டாயிற்று, அதாவது முறைப்படி போய்ச் சேர்ந்தாயிற்று.

பதில் வரவில்லை. ஒரு வாரம், மூன்று வாரம், ஒரு மாதம். வாட்ஸாப்பிலும் சத்தமில்லை. என் கடிதத்தின் கனம் அவர்களை மௌனமாக்கிவிட்டது என்று நினைத்தேன். புதுப் பெயரில் புது வாட்ஸாப் குழு ஆரம்பித்து அங்கே போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் ஒரு காலி வீட்டின் வாசலில் காவல் இருந்திருக்கிறேன்.

ஆனாலும் விதி என் பக்கம். தினமும் நான்கு மணிக்கு அந்தக் கறுப்புக் கிதாரை எடுத்துப் பதினாறு அடியை நாற்பது முறை வாசித்தேன்.

“அந்தப் பிள்ளையளுக்கு நீங்க வேண்டாம்னு ஆயிப்போச்சு. அது ஏன் உங்களுக்கு மட்டும் தெரிய மாட்டேங்கு?” என்றாள் கிரேஸ், அரிசி புடைத்துக்கொண்டே.

“வேண்டாம்னு யாரு சொன்னா? எழுத்துல இருக்கா?”

“போன் போட்டுக் கேக்க வேண்டியதுதான?”

“கடிதம் குடுத்தவன் போன் போடக் கூடாது, கூப்பிடாம ஒத்திகைக்கும் போகக் கூடாது. அவங்க கிதார் என் பொறுப்புல இருக்கு பாரு. விடுவிச்சிருந்தா இதை ஒப்படைக்கச் சொல்லியிருக்க மாட்டாங்களா?”

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “உங்களப் பதிவாபீசுல எப்பிடித்தான் வச்சிருந்தாவளோ,” என்றாள்.

என்ன வேசம்?

நிகழ்ச்சி நாள் வந்தது. பதில் வரவில்லை. ஒத்திகை வேறு; குறித்த நாளில் நிகழ்ச்சிக்குப் போகாவிட்டால் அது அனுமதியில்லாத விடுப்பு. எனவே பணிக்குக் கிளம்பினேன். குழுவின் சீருடையான கறுப்பு பனியனைப் போட்டுக்கொண்டு, கிதாரைத் தோளில் மாட்டி, பஸ் ஏறினேன்.

திசையன்விளை தாண்டியதும் பஸ்ஸில் சாதாரண மனிதர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு முன் இருக்கையில் ஒரு காளி. மரக்கைகளை மடக்கி மடியில் வைத்திருந்தார். படியில் இரண்டு குரங்குகள். தசரா விரதக்காரர்கள். கண்டக்டர் காளியிடம் பயபக்தியோடு டிக்கெட் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். நரைத்த தலை, கறுப்பு பனியன், கிதார்.

“அண்ணாச்சி, நீங்க என்ன வேசம்?”

காளியும் திரும்பிப் பார்த்தார்.

“கிதார்காரன்,” என்றேன்.

“நல்லாப் பொருந்தியிருக்கு,” என்றார் கண்டக்டர்.

குலசையில் செம்மண் புழுதியும் கடல் காற்றும் கலந்து முகத்தில் ஒட்டியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு செட், ஒரு மேளம். மூன்று பேரைக் கேட்டு மேடையைக் கண்டுபிடித்தேன். டிரம்ஸுக்குப் பின்னால் எமன் உட்கார்ந்திருந்தான். கிரீடம், முறுக்கிய மீசை, நீல முகம். என்னைக் கண்டதும் எமன் எழுந்துவிட்டான்.

“சார்! நீங்க எப்பிடி இங்கன?”

“வேலைக்கு வந்திருக்கேன். என் ராஜினாமாவ நீ இன்னும் ஏத்துக்கிடலை.”

“என்ன ராஜினாமா?”

பனியன் பைக்குள் கைவிட முடியாது. பனியனுக்குப் பை இல்லை. கிதார் உறையிலிருந்து ஒப்புகை அட்டையை எடுத்து நீட்டினேன். எமன் கையெழுத்தைப் படித்தான். மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் காட்டினான்.

“எம்மா, இது உன் கையெழுத்துல்லா?”

“ஆமாலே. அட்டை ஒட்டி வந்த தபாலு. அட்டை ஒட்டி வந்தாலே கோர்ட்டு நோட்டீசுதான? விரதம் இருக்கப்போற பிள்ளை, மனசு கலங்கக் கூடாதுன்னு அரிசிப் பானைக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.”

“கோர்ட்டு நமக்கு எதுக்கும்மா நோட்டீசு அனுப்புது?”

“எனக்கென்ன தெரியும்? நீ மண்டியில போடுத சத்தத்துக்கு எவனாவது கேசு போட்டிருப்பான்னு நெனச்சேன்.”

ஒன்றரை மாதமாக நான் நடத்திவந்த போராட்டம் ஒரு அரிசிப் பானைக்குள் நடந்திருக்கிறது.

பியூலாவிடம் திரும்பினேன். “கடிதம் வரலை, சரி. அப்பம் என்னை ஏன் யாரும் கூப்பிடலை?”

அவள் மைக் வயரைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்க கோயில் நிர்வாகம் பாக்குற சேகரக் கமிட்டி செயலாளர் சார். தசராவுக்கு வாங்கன்னு எப்பிடிக் கேக்க? வாறேன்னா கோயில்ல பேசுவாங்க. வரலைன்னா எங்ககிட்டச் சங்கடப்படுவீங்க. ஒத்திகைக்கு நீங்க வரலைன்னதும், நீங்களே நாகரிகமா ஒதுங்கிட்டீங்கன்னு நெனச்சோம்.”

“நீயும் எங்க கோயில்தான?”

“நான் கமிட்டியில இல்லையே சார்.”

சேகர விதிகளில் இதைத் தடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. கிளம்புமுன் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அதைச் சொல்லும்முன் புதுப் பையன் கண்ணன் முன்னால் வந்தான்.

“சார்தானா அது? அந்தத் தொடக்கம் எனக்குக் கையில நிக்க மாட்டேங்கு சார். பத்தாவது அடியிலயே ஓடிருது. எங்களுக்கு வேகமாப் போகத்தான் வரும். இன்னைக்கு நீங்க அடிங்க. நான் பின்னால நிக்கேன்.”

எமனைப் பார்த்தேன். எமன் குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

பதினாறு

வெயில் தாழ்ந்து மேடையின் பாதியில் நிழல் விழுந்திருந்தது. இடதுபுறம் ஒரு செட்டில் உறுமி, வலதுபுறம் நையாண்டி மேளம். எதிரே கரடிகள், ராஜாக்கள், போலீஸ் வேசக்காரர்கள். அவர்களுக்கு நடுவே நிஜப் போலீஸ் இரண்டு பேர்.

உள்ளங்கையைத் தந்திமேல் வைத்தேன். மையில் ஒன்று. தாளில் ஒன்று.

எட்டாவது அடியில் இடதுபுற உறுமி என்னை இழுக்கப் பார்த்தது. போகவில்லை. பத்திரம் பதிய வந்து அவசரப்படுத்துகிற கட்சிக்காரர்களை ஆயிரம் பேரைப் பார்த்தவன் நான். பதின்மூன்று லேசு, பதினான்கு அழுத்தம், முதலில் விழுந்த அதே கனம். பதினாறாவதில் கையை எடுத்தேன். அது முழங்கியது. எமன் இறங்கினான். பியூலா மதகைத் திறந்தாள்.

முன்வரிசைக் கரடி ஒன்று தலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தது.

நான்கு நிமிடப் பாட்டு. அடுத்த பாட்டுக்குக் கண்ணன் என் காதில் ஸ்வரம் சொன்னான். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. அதற்கடுத்ததும் தெரியாது. ஒன்றரை மாதத்தில் குழு வேறொன்றாகியிருந்தது. பட்டியலில் ஒன்பது பாட்டு, எனக்குத் தெரிந்தது ஒன்று. நல்ல குழுவாகவும் ஆகியிருந்தது. அதைக் கீழே இறங்கி நின்று கேட்டேன்.

முடிந்ததும் கறுப்புக் கிதாரைக் கண்ணனிடம் ஒப்படைத்து, பஸ் டிக்கெட்டின் பின்புறம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன்.

“எதுக்கு சார் இதெல்லாம்?” என்றான் சுடலைமுத்து. மீசை பாதி அழிந்திருந்தது. “அந்தக் கடுதாசியப் போனதும் கிழிச்சுப் போட்டுருதேன். நீங்க பாட்டுக்கு வாங்க.”

இதுதான் நான் எதிர்பார்த்த காபி. விதிப்படி அந்த நிமிடம் கடிதத்தைத் திரும்பப் பெற்றிருக்கலாம். எனக்கு அந்த உரிமை இருந்தது.

“கிழிக்க உனக்கு அதிகாரம் இல்லலே. பானையிலிருந்து எடு. படி. ஏத்துக்கிட்டு, எழுத்துல பதில் போடு,” என்றேன்.

“போட்டே ஆகணுமா சார்?”

“போட்டாத்தான் நான் இருந்தேன்னு ஆகும்.”

ஆணை

பதில் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு வந்தது. நான்கு தெரு தள்ளியிருந்து. நான் வாசலில் இல்லை. கிரேஸ்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். “உங்க கோர்ட்டு நோட்டீசு,” என்று மேசையில் வைத்தாள்.

உறைக்குள் வாழைக்காய் மண்டி வாசம். அரசுக் கடிதம்போல் ‘பொருள்’, ‘பார்வை’ எல்லாம் போட்டிருந்தார்கள். துணை விதிகளோடு நான் கொடுத்த மாதிரிக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். தலைவர் இல்லாததால் நான்கு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், கண்ணன் உட்பட. குழுவின் பெயர் அதற்குள் மறுபடி மாறியிருந்தது.

கடைசிப் பத்தி பியூலாவின் கையெழுத்தில் இருந்தது:

“தங்கள் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்படுகிறது. குலசேகரன்பட்டினம் நிகழ்ச்சி நாளன்று பிற்பகல் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டீர்கள்.”

பிற்பகல் என்ற சொல்லுக்குக் கீழே, கணக்கில் விடைக்குப் போடுவதுபோல், அடிக்கோல் வைத்து இரண்டு கோடுகள்.

இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. தாளின் மேல் மூலையில், பெறப்பட்ட நாளை என் கையாலேயே குறித்தேன்: ஐப்பசி, மழை பிடித்த இரண்டாம் புதன்கிழமை, முற்பகல்.